சதவீதக் குறிக்குப் பின்னால்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கேவலமானது. இதில் வரும் தம்பி நான்தான். "அவன்" என்று எழுதுகிறேன், திட்டுவதற்கு வசதி.

2

~~அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் நடனமாடும்போது~~ வேண்டாம். அவளுக்குக் கழுத்து வலி.

அக்கா டைப்செட்டிங் வேலை செய்கிறவள். தம்பியின் ஆய்வுப் புத்தகம் முழுவதையும் கணினியில் கோத்துக் கொடுத்தவள். நன்றிப் பக்கத்தை மட்டும் "நானே அடிச்சுக்கிறேன்" என்று வாங்கிப்போனான். பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது மறுபதிப்பு. பழைய மூலக் கோப்புகளைப் வாசிக்கத்தக்க ஆவணமாக மாற்றித் தரச் சொல்லி அனுப்பினான். (கூடவே "அவசரம்" என்றும். இந்த வரியையும் அடித்துவிடப் பார்த்தேன். இருக்கட்டும்.)

3

கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தாள். ஆவணம் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் "நோயாளிகளில் 40" என்று ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. சிரித்துவிட்டாள். கடைசி நேரத்தில் தம்பி கைவைத்த இடம்.*

எல்லாக் கோப்பிலும் சதவீதக் குறியைத் தேட இன்னொரு கட்டளை. முதலில் வந்தது நன்றிப் பக்கம்:

% தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கவைத்தவள் என் அக்கா. இந்தப் புத்தகம் அவளுடையது.

அவனுக்குத் தோன்றவே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். தோன்றியிருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

* இந்தக் கோப்புகளில் சதவீதக் குறி வந்தால், வரியில் அதற்குப் பின்னால் உள்ளதைக் கணினி தாண்டிப் போய்விடும். கோப்பில் இருக்கும், ஆவணத்தில் வராது. அவனுக்கு இது நன்றாகத் தெரியும்; அவசரத்தில் 40-க்குப் பக்கத்தில் மட்டும் மறந்துவிட்டான்.

4

"ஏன்டா, நன்றிப் பக்கத்துல அந்தக் குறி நீ போட்டதா?"

"அதுவாக்கா... கைடுதான் சொன்னாரு. இதெல்லாம் வீட்டு விஷயம், வேணாம்னு."

(பொய். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.)

"ஓ. பெரிய மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இப்ப போட்டுரலாம்க்கா. குறிய எடுத்தா வந்துரும்."

"எனக்கே சொல்லித்தர்றியா? கேட்டு வாங்கிக்கச் சொல்றியா? நாப்பது பெர்சென்ட்ட சரி பண்ணிட்டேன். மத்தியானம் அனுப்புறேன்."

5

முடிவு ஒன்று: அக்கா குறியை எடுத்தாள். முடிவு இரண்டு: வரியையே அழித்தாள். முடிவு மூன்றில் அவள் மன்னிக்கிறாள்; அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆவணம் வந்து நாலு நாளாகிறது. திறக்கவில்லை. நன்றி, ஐந்தாம் பக்கம். நீங்கள் திறந்து பாருங்கள். அந்த வரி இருந்தால், தனக்கு வரவேண்டிய நன்றியை அவளே சொல்லிக்கொண்டாள் என்று அர்த்தம். இல்லையென்றால் %