பக்கத்துக் குழி

விபூதிப் புதனன்று கத்தோலிக்கக் கோவிலில் சுவாமியார் கையிலிருந்த சாம்பல் தட்டைக் கொட்டிய பெருமை முழுவதும் பஞ்சலிங்கத்தையே சேரும். வேண்டுமென்று செய்ததில்லை. மனிதர் இணுவிலில் சைவராய்ப் பிறந்தவர். சாம்பலைக் கண்டால் அவருடைய வலக்கை தானாக நீளும், இடக்கை தானாக அதன் கீழே போய் நிற்கும், முகம் தானாக மேலே நிமிரும். வரிசையில் முன்னால் நின்ற சனமெல்லாம் தலையைக் குனிந்து நெற்றியைக் கொடுத்துவிட்டுப் போனதை அவர் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் அரை நூற்றாண்டுப் பழக்கம் அரை மணித்தியாலத்துப் பார்வைக்கு மசியுமா? சுவாமியார் சிலுவை போட விரலைக் கொண்டுவந்த அதே நேரத்தில் இவர் கையை நீட்ட, தட்டு ஒருமுறை துள்ளியது. போன வருசத்துக் குருத்தோலை முழுவதும் எரிந்த சாம்பலாய்ச் சுவாமியாரின் ஊதா அங்கியில் இறங்கியது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பதறிப்போய்க் குனிந்தவர், நிலத்தில் கிடந்ததை மூன்று விரலால் ஒற்றி, "சிவசிவா" என்று நெற்றியில் நீளமாக இழுத்தும் விட்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். இவருக்கு மறைக்கல்வி படிப்பிக்கும் உபதேசியார் அடைக்கலநாதன், எரிப்பதற்கு வேறு குருத்தோலை தேடி ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் இவருடைய காதுக்குள் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் ஞானஸ்நானம் எடுக்கிறதுக்கிடையிலை என்னை மோட்சத்துக்கு அனுப்பிப்போடுவியள்."

"போனா எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."

பகிடியைச் சொல்லிவிட்டு, மிச்சச் சாம்பலில் ஒரு சிட்டிகையைக் கடதாசித் துண்டில் மடித்து மடிக்குள் செருகிக்கொண்டார். வீட்டில் நோயாய்க் கிடக்கிற வருத்தக்காரர் இருந்தால் கோயிலிலிருந்து வெறுங்கையோடு போவதில்லை என்பதும் அந்தப் பழைய பழக்கத்தில் ஒன்று.

வருத்தக்காரி அவருடைய மனைவி கத்தரீனா. குருநகரில் வலைக்காரர் வீட்டில் பிறந்தவள். ஒரு காலத்தில் இணுவில் தோட்டத்து மரக்கறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தக் கரைக்கு விற்கப்போன பஞ்சலிங்கத்திடம், கத்தரிக்காயில் புழு இருக்கிறதென்று சண்டை பிடித்தே அவரைக் கட்டிக்கொண்டவள். கல்யாணம் அவளுடைய கோவிலில் நடந்தது. ஆனாலும் அவர் சைவம், அவள் வேதம், அதாவது கத்தோலிக்கம். அதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. கடற்காரி வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாசமே வராது. ஞாயிற்றுக்கிழமை அவர் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியுமட்டும் மதிலோரம் நின்று சுருட்டுப் பிடிப்பார். பிள்ளைகள் இல்லை. அதற்கும் அவரிடம் ஒரு பகிடி இருந்தது. கொஞ்ச வருசமாக அதை அவர் சொல்வதில்லை.

போன கார்த்திகையில், ஆத்துமாக்களின் திருநாளுக்கு முதல் நாள், தகப்பனின் கல்லறையைத் துப்புரவாக்க வேண்டும் என்று அவள் கேட்டுச் சேமக்காலைக்குப் போனார்கள். அப்போதே அவள் வயிற்றில் கட்டி இருந்தது. கை கால்களில் சதை இல்லை. புல்லைப் பிடுங்கி முடித்தபின், தகப்பனுக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் நிலத்தைப் பார்த்து, கடைச் சாமான் சொல்வதுபோல, "எனக்கு இதிலை காணும்" என்றாள். பஞ்சலிங்கம் அந்த நிலத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். இரண்டு பேருக்குக் காணும், தாராளமாகப் போதும். திரும்பும்போது அவளை வாசலில் இருத்திவிட்டு, சேமக்காலையைப் பார்த்துக்கொள்ளும் சிமியோனிடம் மெல்லக் கேட்டார்.

"அது வேதக்காரருக்குத்தான் அண்ணை," என்றான் சிமியோன். "உங்களை உங்கடை ஆக்கள் கோம்பயன்மணலிலை எரிப்பினம்தானே."

அடுத்த ஞாயிறு பஞ்சலிங்கம் சுருட்டை மதிலில் தேய்த்து அணைத்துவிட்டு உள்ளே போனார். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனி இரவு ஞானஸ்நானம் என்று தீர்மானமானது. கத்தரீனாவிடம், வேதம் பிடித்திருக்கிறது என்றார். "சேரட்டோ?" என்று கேட்டதற்கு அவள், "உங்கடை விருப்பம்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டும் அதுதான் மறுமொழி. அந்த நாட்களில் யாருமே நேராகப் பேசுவதில்லை என்று அவருக்குப் பட்டது. உயிர்த்த ஞாயிறுவரை இருப்பாளா என்று டொக்டரைக் கேட்டால், கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்பார். கிளாலிக் கடலில் வள்ளத்தில் படுத்துக்கொண்டு கடற்படையின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிப் போகிற தெம்பு அவளுக்கு இல்லையென்று அவருக்கும் தெரியும். சுவாமியாரைக் கேட்டால், ஜெபியுங்கள் என்பார்.

விபூதிப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை சடங்குக்கு ஒத்திகை. கோவிலில் பஞ்சலிங்கமும், கத்தோலிக்கப் பொடியனைக் கட்டப்போகிற அளவெட்டிக் குணலட்சுமியும் முழங்காலில் நின்றார்கள். அவளுக்கு மந்திரமெல்லாம் தண்ணீர்பட்ட பாடம். சுவாமியார் கேட்டார்:

"திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?"

"விசுவாசம்," என்றாள் குணலட்சுமி.

பஞ்சலிங்கமும் அதைத்தான் சொல்ல வேண்டும். உபதேசியார் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். வாயைத் திறந்தார்.

"ஆறடி நிலம், சுவாமி."

குணலட்சுமி சிரித்துவிட்டாள். அடைக்கலநாதன் தலையில் கை வைத்தார். பகிடியென்று சொல்லித் தானும் சிரித்துச் சமாளிக்கலாம் என்றுதான் பஞ்சலிங்கம் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சுவாமியார் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நிலத்துக்காக ஞானஸ்நானம் குடுக்கேலாது, பஞ்சலிங்கம்."

"தெரியும் சுவாமி."

"அவவுக்கு விருப்பமோ? அதையெண்டாலும் கேட்டுக்கொண்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்தபோது கத்தரீனா தலையணையில் சாய்ந்திருந்தாள். தலையணைக்கடியில் அவர் வைத்த கடதாசி மடிப்பு அவளுடைய உள்ளங்கையில் இருந்தது.

"இஞ்சாருங்கோ, சுவாமியைக் குளிப்பாட்டினது இதாலையோ?"

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டினமோ?"

"மீன் விக்க வந்தவளும் சொல்லிப்போட்டுப் போறாள்." உதடு கொஞ்சம் விரிந்தது. அந்த மாதத்தில் அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

அவர் கஞ்சிக் கோப்பையோடு கட்டிலில் இருந்தார். "கத்தரீனா, உண்மையைச் சொல்லு. நான் சேரட்டோ? உங்கடை விருப்பம் எண்டு மட்டும் சொல்லாதை."

"கஞ்சி ஆறுது."

"ஆறட்டும்."

"கொண்ணர் உங்களோடை கதைக்கமாட்டார்."

"அண்ணை இப்பவும் என்னோடை எங்கை கதைக்கிறார்? என்ரை சைக்கிளைப் பாத்துத்தானே சுகம் விசாரிக்கிறவர்."

அவள் சிரிக்கவில்லை. கடதாசியை மெல்ல விரித்தாள். அவளுடைய விரல் சாம்பலுக்குள் இறங்கி, அங்கேயே நின்றது. தெருவில் யாரோ தண்ணீர் வாளியை நிலத்தில் வைத்து, மூச்சு வாங்கி, திரும்பத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"உயிர்த்த ஞாயிறுக்கு நான் இருக்கமாட்டன்," என்றாள். "நீங்கள் சேருங்கோ. நிலத்துக்குத்தான் எண்டே சுவாமியிட்டைச் சொல்லுங்கோ, நான் சொன்னனான் எண்டும் சொல்லுங்கோ. எனக்குத் தனியக் கிடக்கப் பயமாக் கிடக்கப்பா."

சாம்பல் பட்ட விரல் அவரை நோக்கி வந்தது. பஞ்சலிங்கத்தின் கை இம்முறை நீளவில்லை. கோப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அவளுக்கு எட்டும்படி குனிந்துகொண்டார்.