பிரித்துப் போட்ட வள்ளம்

என் வீட்டுக்காரர் கோலப்பனுக்கு முதலாளி ஆகவேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. பகவதிப்பெருமாள் என்ற முதலாளி இல்லாமல் இருந்தால் போதும், அவ்வளவுதான். சாலை என்கிற கடைத்தெருவில் அந்த ஆளுடைய பலசரக்கு மொத்தக் கடையில் இவர்தான் வெகுகாலமாகக் கணக்கப்பிள்ளை. ஒரு நாள் ஏலக்காய் எடை குறைந்துபோனது. வெளியூர் வியாபாரிகள் நிறைந்திருக்கும் நேரத்தில், "மடியை அவுத்துக் காட்டும் வே" என்று சொல்லிவிட்டார் பகவதிப்பெருமாள். இந்த மனுஷனும் அவிழ்த்து, உதறிக் காட்டிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வலியசாலையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"இனி அந்தக் கடைப் படி ஏறினா எனக்குப் பேரு கோலப்பன் இல்லே" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கடைக்கு நானே போய் வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். ஏலக்காய் பிறகு எலி இழுத்த சாக்குக்குள் கிடைத்ததாம். அதைச் சொல்லியனுப்பக்கூட அந்த ஆளுக்கு வாய் வரவில்லை.

வள்ளம் வாங்கும் யோசனை அப்படித்தான் வந்தது. வள்ளக்கடவில் யோசுவா என்பவர் தன் பழைய வள்ளத்தை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு இவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பன் காலத்து அயினி மரம். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைக்குப் பலகை ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த வள்ளம். முந்திரிக்கொட்டை எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து, கால்வாயில் கோயில் யானை மாதிரி நின்றது. சாலைக் கடைகளுக்குக் கொல்லத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்தால் வாடகையே ஜீவனத்துக்குப் போதும் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார். பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். என் பிள்ளைகளைக்கூட அப்படித் தடவிக் கொடுத்ததில்லை, பாவி மனுஷன்.

சுசீந்திரத்தில் அப்பா எனக்கு விட்டுப்போன தென்னந்தோப்பை விற்றோம். அந்தப் பணம் வள்ளத்தின் பாதி விலைக்குத்தான் ஆயிற்று; அதை யோசுவாவிடம் கொடுத்தோம். மீதியை மழை பிடிப்பதற்குள் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்ததும் போகும் என்று பேச்சு. கிழக்கேகோட்டையில் ஒரு பாங்குக்கு இவர் நடையாய் நடந்தார். நிலம் உண்டா, வீடு உண்டா என்று கேட்டார்கள். தண்ணீரில் மிதக்கிற ஒன்றின்மேல் கடன் கேட்டு அங்கே யாரும் வந்ததில்லையாம். இவர் விடவில்லை. கடைசியில் மானேஜர், "எங்க ஆபீசர் வந்து வள்ளத்தைப் பார்த்து விலை எழுதட்டும். எழுதினால் தருகிறோம்" என்று இறங்கி வந்தார். அன்றைக்கு இவர் எனக்குப் பிச்சிப்பூ வாங்கி வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது.

"வள்ளத்தைப் பிரிக்கச் சொல்லியாச்சு" என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே.

எனக்கு அகப்பை கையிலிருந்து நழுவிவிட்டது. "என்னத்துக்கு?"

"ஏட்டி முத்தாரம், இந்த வருஷம் எப்படியும் பழைய கயிறை அறுத்துட்டுப் புதுசாத் தைக்கணும். அறுத்துப் பிரிச்சு வச்சா ஆபீசர் ஒவ்வொரு பலகையா உள்ளும் புறமும் பாப்பாருல்லா? பணம் வந்ததும் தைச்சிருவோம்."

"பிரிச்சுப் போட்டா வள்ளம் எங்க இருக்கும்? நல்லா யோசிச்சியளா?"

"பயறு வாங்க வந்தவனுக்குக் கட்டின மூட்டையவா காட்டுவோம்? தையலைப் பிரிச்சு, அடியிலே கையை விட்டு அள்ளிக் காட்டினாத்தான் நம்புவான். சரக்கைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தராதே."

வாழ்நாளெல்லாம் மூட்டை பிரித்துக் காட்டிய கை அது. நான் என்ன சொல்ல! யோசுவாவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. "எப்பளும் அழிச்சுத் தைக்குந்நது தானே" என்றாராம், பிரித்துத் தைப்பது வழக்கம்தான் என்று.

பாங்கு ஆபீசர் அருமைநாயகம் நெய்யாற்றின்கரைக்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, அடங்கின பேச்சு. நாங்கள் இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தோம். கரையில் தென்னை நிழலில் பலகைகளை வரிசையாக, பந்திக்கு இலை போட்ட மாதிரி பரப்பி வைத்திருந்தார் இவர். ஆபீசர் அவற்றைத் தாண்டிப் போய்க் கால்வாயைப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்:

"வள்ளம் எங்க ஸார்?"

"இதுதான்" என்றார் இவர், முகமெல்லாம் சிரிப்பாக. "நல்லாப் பாருங்க. ஒரு பூச்சி அரிப்புக் கெடயாது. தட்டிப் பாருங்க."

ஆபீசர் குனிந்து ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றையும் தட்டினார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"மரம் நல்ல மரந்தான். ஆனா நான் ரிப்போர்ட்டிலே என்னன்னு எழுதுவேன்? வள்ளத்துக்கு வேல்யூ போடத்தான் என்னை அனுப்பினாங்க. இங்க வள்ளம் இல்லையே."

எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன்.

"அதென்ன பேச்சு, ஸாரே? துவைக்கப் போட்ட வேட்டி வேட்டி இல்லேன்னு ஆயிருமா? அங்க பாருங்க, நம்பர்கூட வெள்ளைப் பெயிண்டிலே எழுதியிருக்கு."

"நம்பர் பலகையிலே இருக்கும்மா. வள்ளத்திலே இல்லே." அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "நாளைக்கு இந்தப் பலகை ஆளுக்கொரு பக்கம் போயிட்டா பாங்கு எதைப் பிடிக்கும்? தைச்சுத் தண்ணியிலே இறக்குங்க. சொல்லியனுப்புங்க, நான் வாறேன்."

இளநீரை அவர் தொடவே இல்லை. கெட்டவர் இல்லை அந்த மனுஷர், திட்டவும் முடியவில்லை. திட்ட ஒருவர் கிடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தைத்தால் கடன். கடன் வந்தால்தான் கயிறும் தையல்காரர் கூலியும். இந்த முடிச்சுக்குள் அந்தச் சித்திரை முழுவதும் கிடந்து உழன்றோம். நாகர்கோவிலில் என் அண்ணன் கையை விரித்தான். வலியசாலையில் யாரிடம் வாயெடுத்தாலும், "வள்ளமே இல்லையாமே?" என்று சிரித்தார்கள். அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது. இவர் தினமும் வள்ளக்கடவுக்குப் போய்ப் பலகைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவார். வெயில் எங்கள் வசதியைப் பார்க்குமா? கடைசியில் என் தாலிக்கொடியை அடகு வைத்து, வள்ளம் தைப்பதில் கை தேர்ந்த ஒரு மூப்பனைக் கூட்டி வந்தோம். அவர் இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பலகை வளைந்து, ஒரு பலகையின் ஓட்டை மறு பலகையின் ஓட்டையோடு சேராமல் விலகி நின்றது.

"இது இனி சேராது" என்றார் மூப்பன். கூலி வாங்காமலே போய்விட்டார்.

இவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். "எழுந்திரிங்க, போவோம்" என்றேன். எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

மழை பிடித்தது. பேசிய பேச்சுப்படி எங்கள் தோப்புப் பணம் யோசுவாவோடு போயிற்று. பலகையை அவர் ஒரு மரக்கடைக்குத் தள்ளிவிட்டார். வீட்டில் அரிசிப் பானை கவிழ்ந்தே கிடந்தது. ஒரு நாள் காலையில் இவர் குளித்து, திருநீறு பூசி, சாலைக்குப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அதே பழைய கடை, பழைய சம்பளத்தில் பாதிதான். கடை திறக்கிற வேலையும் சேர்த்து இவர் தலையில். ஆவணியில் ஒரு நாள் இவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போக, அதை எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன். அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். கடைவாசலை அடைக்கும் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். பலகைகள் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. கறுத்த மரம். ஓரம் நெடுக ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒன்றில் வெள்ளைப் பெயிண்டில் பாதி நம்பர்.

எங்கள் வள்ளம்தான். மரக்கடையில் சல்லிசாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டிருக்கிறார் பகவதிப்பெருமாள், புண்ணியவான். உள்ளே கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வே, உம்ம வீட்டுக்காரி வந்திருக்கா. இந்தப் படி ஏறினா பேரு வேறேன்னு சொன்னீராமே, இப்ப ஒமக்குப் பேரு என்ன வே?"

இவர் திரும்பவில்லை. நம்பர் எழுதிய பலகையைத் தூக்கியவர், இறக்கி வைக்க மறந்ததுபோல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் கண்ணாடியை நீட்டினேன். பலகையைச் சாத்திவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பலகையை விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பாரு முத்தாரம். இப்பவும் ஒரு பூச்சிகூட இல்லே."