பாலத்தின் கடைசிப் பலகையில் பேண்டு வாத்தியம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் நோக்கத்தைப் பற்றி யாரும் உயர்வாக நினைத்து ஏமாற வேண்டாம்.

கொரோனா காலம். கங்காரு நாட்டில், முர்ரே ஆற்றின் வடகரையில் நான் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. தென்கரையில் ஒரு நண்பன் வீட்டில் கறிவேப்பிலை மரம் இருக்கிறது. ஒரு கொத்துப் பறித்து வரலாம் என்று பாலத்தில் ஏறினால், குறுக்கே ஒரு போலீஸ்காரர். "பாஸ் இருக்கா?" இல்லை. "அப்ப திரும்புங்க. அந்தப் பக்கம் வேற மாநிலம்." ஒரே நாடு, ஒரே பணம், ஒரே கிரிக்கெட் அணி, ஆனால் என் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிடையாது!

வீட்டில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த நாட்டின் ஆறு மாநிலங்களும் ஒரு காலத்தில் தனித்தனிக் காலனிகளாகத்தானே இருந்தன? தனி வரி, தனிப் பட்டாளம், தனித் தபால்தலை. யாரும் வாளைக் காட்டி மிரட்டவில்லை. வாசலில் எதிரி நிற்கவில்லை. ஆனாலும் வரிசையில் நின்று, பெட்டியில் சீட்டுப் போட்டு, ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஏன்? சொந்த அண்ணன் தம்பியே பாகம் பிரிக்கத் துடிக்கிற உலகத்தில், பிரிந்து கிடந்தவர்கள் சேருவதற்கு ஓட்டுப் போட்டார்களா? ரசம் ஆறிப்போனது தெரியாமல் எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: "ஒரே ரத்தம், ஒரே மொழி, ஒரே விதி என்று தென்கடலின் ஆறு காலனிகளும் கைகோத்து எழுந்த அந்தப் பொன்னாளில்—"

(நிறுத்திவிட்டேன். இது மேடைக்காரர்களின் குரல். என் வாயில் ஒட்டவில்லை.*)

* அந்த 'ஒரே ரத்தத்தில்' இந்த ஆற்றின் பூர்வகுடிகளுக்கு இடமில்லை. நாடு ஒன்றானதும் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, என் நிறத்துக்காரர்களை உள்ளே விடாமல் தடுப்பதற்கானது. எனக்கு அது வலிக்கிறது. வலித்தாலும் கதை என் சட்டையை விடமாட்டேன் என்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு காலனியின் தண்டவாளம் அகலம், அடுத்ததன் தண்டவாளம் குறுகல். அதனால் எல்லையில் பயணிகள் மூட்டைமுடிச்சோடு இறங்கி, வேறு ரயிலில் ஏறி—"

(உண்மைதான். ஆனால் தண்டவாளத்தைக் கதாநாயகனாக வைத்து நான் என்ன செய்வது?)

மூன்றாம் தொடக்கம்: "சைலஸ் ஹாடோ பாலத்தின் தென்முனையில் நின்று, ஒரு குண்டுப் பெண்மணியை மேலும் கீழும் பார்த்தார்."

ஆகா! இவரை விடக்கூடாது.

2

1898. பாலத்துக்கு வடக்கே ஹார்லன், தெற்கே வாரிங்கா. (ஊர்களை நான் கட்டினேன். ஆறு மட்டும் நிஜம்.) வடக்குக் காலனியில் வெளிச்சரக்குக்கு வரி இல்லை, துணிமணி மலிவு. தெற்குக் காலனியில் எல்லாவற்றுக்கும் வரி. சைலஸ் ஹாடோ தெற்குக் காலனியின் சுங்க அதிகாரி. பாலம் தரையைத் தொடுகிற இடத்தில் அவருடைய மரக்கதவு, கதவை ஒட்டி அரசாங்கம் கொடுத்த வீடு.

புதுத்துணி கொண்டுவந்தால் வரி. உடம்பில் தேவைக்கு உடுத்தியிருந்தால் வரியில்லை. ஆகவே வாரிங்காக்காரர்கள் காலையில் ஒல்லியாகப் பாலம் ஏறிப் போய், மாலையில் குண்டாகத் திரும்பி வந்தார்கள்.

"காலையில போறப்ப இப்படி இல்லையே, மிஸஸ் ப்ளூம்?"

"ஹார்லன்ல தங்கச்சி வீட்டு விருந்துங்க. கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டுட்டேன்."

"விருந்துல கோட்டுமா பரிமாறினாங்க? கழுத்துல மூணு காலர் தெரியுதே."

"எனக்குக் குளிர் ஜாஸ்திங்க."

"இந்த ஜனவரி வெயில்லயா?"

மிஸஸ் ப்ளூம் வேர்த்துக் கொட்டியபடி கோட்டுகளைக் கழற்றினார். சைலஸ் வரியை வாங்கிக்கொண்டு, அந்தம்மாள் மயங்கி விழாமலிருக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

(இவர் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு நேர்மையான ஆள் கதைக்கு உதவுவானா? ஒரு வரைவில் இவரைக் கொஞ்சம் லஞ்சம் வாங்க வைத்தேன். பேனாவை எடுத்த கையோடு மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் கல்யாணத்தன்றே, வடகரையிலிருந்து நடந்து வந்த மணப்பெண்ணின் கையிலிருந்த புதுக் காலணிக்கு வரி போட்டு, அதைத் தன் பையிலிருந்தே கட்டியவர் இவர். ஊர் இன்னும் சிரிக்கிறது. அந்த மணப்பெண் லவீனியா மட்டும் அன்று சிரிக்கவில்லை.)

இப்போது லவீனியா நிறைமாதம். சிக்கல் அதில்தான் தொடங்குகிறது. காலனிகள் சேரலாமா என்று ஓட்டெடுப்பு அறிவித்துவிட்டார்கள். சேர்ந்தால் எல்லை வரி போகும். வரி போனால் கதவு போகும். கதவு போனால் சைலஸின் வேலையும், வேலையோடு ஒட்டிய வீடும் போகும். குழந்தை பிறந்து நடக்கப் பழகுவதற்குள் அவர்கள் தெருவில் நிற்கலாம்.

3

எழுதக் கை பரபரக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய சனிக்கிழமை, குளிரான மதியம். வாரிங்கா மைதானத்தில் ஒற்றுமைக் கூட்டம். ஒற்றுமை என்றால் இரு கரையும் வேண்டாமா? ஹார்லன் பேண்டு வாத்தியக்காரர்களை வரச் சொல்லிவிட்டார்கள். மாலை வாங்கியாயிற்று, மேடை போட்டாயிற்று. வாத்தியங்கள் எல்லையைக் கடக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பாலத்தின் மேல் பித்தளை பளபளக்க வந்தார்கள். முன்னால் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு பார்னி கில்ஃபாயில். ஹார்லன் கொல்லன், லவீனியாவின் தம்பி.

(அக்கா புருஷனை அழைக்க அவர்கள் மொழியில் உயிருள்ள ஒரு சொல் இல்லை. பார்னிக்கு நம்முடையதைக் கடன் கொடுக்கிறேன். இதற்கு வரி போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

"நகருங்க மச்சான். கை விறைக்குது."

"என்ன கொண்டு வர்ற?"

"பார்த்தா தெரியல? டிரம்மு. இடுப்புல தொட்டிலா கட்டியிருக்கேன்?"

"டிரம்மு, ஊதுகுழல் எல்லாத்துக்கும் வரி உண்டு. கட்டிட்டு உள்ள வாங்க."

"நாங்க விக்கவா வர்றோம்? வாசிக்க வர்றோம்!"

"வாசிச்சாலும் சரக்கு சரக்குதான்."

"எதுக்கு வாசிக்க வர்றோம்னு தெரியுமா? இந்த வரி ஒழியணும்னுதான்!"

"ஒழிஞ்சப்புறம் சும்மா வா. இன்னிக்குக் கட்டிட்டு வா."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பார்னிக்கு முகம் சிவந்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்தான். இந்த ஆற்றின் சட்டம் விசித்திரமானது. கரையிலிருந்து கரை வரை தண்ணீர் முழுவதும் வடக்குக் காலனிக்குச் சொந்தம். பாலம் தெற்கு மண்ணைத் தொடும் இடத்தில்தான் எல்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இந்தக் கடைசிப் பலகை யாரோடது?"

சைலஸுக்குப் பொய் வராது. "உங்களோடது."

"அப்ப என் மண்ணுலதான் நிக்கிறேன்?"

"ஆமா."

"அடிங்கடா!" என்றான் பார்னி.

அடித்தார்கள்! ஆற்றங்கரை மரத்திலிருந்த காக்கட்டூக் கிளிகள் அலறிக்கொண்டு பறந்தன. மைதானத்தில் காத்திருந்த கூட்டம் சத்தம் வந்த திசையில் ஓடி வந்தது. பேச்சாளர் மேடையை விட்டிறங்கித் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வடகரையிலிருந்து ஹார்லன் சனம் பாலத்தை நிறைத்தது. நடுவில் ஒரு மரக்கதவு, கதவருகே சைலஸ் ஹாடோ. பேச்சாளர் வாயைத் திறந்தபோதெல்லாம் பார்னி டிரம்மை ஓங்கி அடித்தான். தெற்கிலிருந்து இறைச்சி அடைத்த சூடான பணியாரங்கள் கதவுக்கு மேலாக வடக்கே பறந்தன. வடக்கே போகிற தின்பண்டத்தில் சைலஸுக்கு அதிகாரமில்லை. ஒரு பையன் அந்தப் பக்கமும் ஒரு பெண் இந்தப் பக்கமுமாகக் கதவின் மேல் கைகோத்து ஆட ஆரம்பித்தார்கள். சைலஸ் கூர்ந்து பார்த்தார். கை மட்டும்தான் கடந்தது, சரக்கு ஏதுமில்லை. விட்டுவிட்டார். அதைப் பார்த்து ஊரே கதவின் இரு பக்கமும் கைகோத்துக் குதித்தது!

வாசகரே, என் கேள்விக்கு விடை இதுதான் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டிரம் சத்தம் கடக்கிறது, டிரம் கடக்க முடியவில்லை; இந்த அபத்தம் ஒரு நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பாக வந்துவிடுகிறது, அன்றைக்கு ஒரு நாடு—

(அடித்துவிட்டேன். ஏனென்றால் அப்போது மிஸஸ் ப்ளூம் ஒரு கேள்வி கேட்டுக் கெடுத்துவிட்டார்.)

"அதெல்லாம் சரி. ஹாடோ, உங்க ஓட்டு எதுக்கு?"

வாத்தியம் நின்றது. பார்னி கூட டிரம்மைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வீட்டு வாசலில் லவீனியா வயிற்றில் கைவைத்து நின்றிருந்தாள். சைலஸ் கதவைத் தாழ்போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

4

"என்னைக் கேட்டா வேண்டாம்னு போடச் சொல்லுவேன்" என்றாள் லவீனியா, உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே.

(நான் அவள் 'சேரணும்' என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். வடகரைப் பெண், தம்பி வேறு டிரம் அடிக்கிறான். அவள் என்னைக் கேட்கவில்லை.)

"உன் தம்பி?"

"அவனுக்குப் பட்டறை இருக்கு. எனக்கு இந்த வீடுதான் இருக்கு. நாடு அப்புறம் வரட்டும், முதல்ல இது பொறக்கட்டும்."

"சரி."

"என்ன சரி? பொம்பளைக்குத்தான் ஓட்டு இல்லையே. உங்க மனசுல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

சைலஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "இத்தனை வருஷமா பாலத்துல வர்ற ஒவ்வொருத்தரையும் திருடனாத்தான் பார்த்திருக்கேன், லவீனியா. குண்டா இருந்தா கோட்டு, மெதுவா நடந்தா காலணிக்குள்ள ஏதோ இருக்கு. இன்னிக்கு எல்லாரும் ஆடினாங்க. நான் அப்பவும் யார் கையில என்ன இருக்குன்னுதான் பார்த்தேன்."

"நீங்களும் ஆடியிருக்கலாம்."

"ஆடினா கதவை யார் பாக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கதவாலதான் நாம சாப்பிடறோம்ங்க" என்றாள்.

இரண்டு பேரும் சரி. இந்த நிலையில் ஒரு எழுத்தாளன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நான் எழுந்து போய் ரசத்தைச் சுடவைத்தேன்.

5

முடிவு ஒன்று: சைலஸ் 'ஆம்' என்று போடுகிறார். பேண்டு வாத்தியம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு— (சீச்சீ.)

முடிவு இரண்டு: ஊருக்காகச் சிரித்துவிட்டு உள்ளே 'வேண்டாம்' என்று போடுகிறார். வாழ்நாள் முழுக்க அந்த ரகசியம் அவரை— (அவருக்குப் பொய் வராது என்று நானே எழுதிவிட்டேன்.)

முடிவு மூன்று: சரித்திரம். தெற்கில் 'ஆம்' கொட்டோ கொட்டென்று கொட்டியது. வடக்கில் 'ஆம்' தான் அதிகம், ஆனாலும் சட்டம் கேட்ட எண்ணிக்கைக்கு எட்டவில்லை. மறு வருடம் மறுபடி ஓட்டுப் போட்டு, 1901 பிறந்த அன்று ஒரே நாடானார்கள். சைலஸின் ஒற்றை ஓட்டு எதையும் மாற்றியிருக்காது. அப்படியிருந்தும் எனக்கு அந்த ஓட்டைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாடுகள் சேருவது எனக்குப் புரிந்துவிட்டது. வீடு போகும் என்று தெரிந்த ஒரு மனிதன் சேருவானா?

ஆகவே அந்த முதல் ஓட்டெடுப்புச் சாவடிக்குப் போனேன். சைலஸ் சீட்டை வாங்கினார். அதில் 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டே சொற்கள். வேண்டாததைப் பென்சிலால் அடிக்க வேண்டும். தடுப்புக்குள் நுழைந்தார். பின்னாலேயே நானும் நுழையப் போனேன். இதுவரை அவர் தலைக்குள்ளேயே குடியிருந்தவன் அல்லவா?

முடியவில்லை! மறைவாக ஓட்டுப் போடும் முறையை உலகத்தில் முதன்முதலாகக் கொண்டுவந்தவர்களில் இந்தக் காலனிக்காரர்களும் உண்டு. தடுப்புக்குள் ஒருவருக்குத்தான் இடம். மனைவியானாலும் மச்சானானாலும் கதாசிரியனானாலும் வெளியே நிற்க வேண்டும்.

வெளியே நின்றேன். பக்கத்தில் பார்னி. தள்ளிப் பெஞ்சில் லவீனியா. ஒரு கோடு போட ஆகிற நேரத்தை விட உள்ளே நேரம் ஆயிற்று.

சைலஸ் வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டார்.

"என்ன போட்டீங்க மச்சான்?"

"அதை யாரும் கேக்கக் கூடாது, பார்னி."

லவீனியா கேட்கவில்லை. புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், வெகு நேரம். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, உன் பட்டறைக்குப் பின்னால ஒரு அறை காலியா இருக்கே. மழைக்கு ஒழுகுமா?"

6

அவள் தப்பாகவும் படித்திருக்கலாம். நேர்மையான மனிதனின் முகத்தை மனைவியாலும் சில நாள் படிக்க முடியாது.

பெட்டியை நான் உடைக்க மாட்டேன். ஆனால் வாசகரே, உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. தடுப்புக்குள் பென்சில் நூலில் தொங்குகிறது. உள்ளே போய், சைலஸ் நின்ற இடத்தில் நில்லுங்கள். வெளியே லவீனியா உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டு. இரண்டில் ஒன்றை அடியுங்கள்.