வெள்ளிக்கிழமை புதைக்கப்பட்டவன்

ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தில், கல்லூரிப் படிப்புக்குத் தயார் செய்யும் ஆயத்தப் பள்ளியில் ஆல்டன் புரூயிட்டும் சைலஸ் ஹாட்ச்சும் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். இருவரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். பத்தொன்பது வயதில் லத்தீனை முதல் பாடத்திலிருந்து உருப்போட்டுக்கொண்டிருந்தவர்கள். மார்ச் மாதம் சைலஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பாதையெல்லாம் சேறு, வண்டி போகாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அருகிலிருந்த கல்லறையிலேயே புதைத்தார்கள். அவனுடைய அப்பா ஜெடிடையா மட்டும் குதிரையில் வந்து மண் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை லத்தீன் ஆசிரியர் ஆல்டனிடம் ஒரு கடிதம் கொடுத்து, மருத்துவக் கட்டடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாடி ஏறியவன் கதவு மாறித் திறந்துவிட்டான்.

நீள மேசை. சுற்றி நாலைந்து மருத்துவ மாணவர்கள், நடுவில் அவர்களுடைய பேராசிரியர். மேசைமேல் கிடந்த முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது.

சைலஸ்.

காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கடைசியாகச் சவரம் செய்துவிட்டபோது ஆல்டனின் கை தவறி விழுந்த கீறல்கூடத் தாடையில் அப்படியே இருந்தது. ஆல்டன் மேசையருகே போனான். ஒரு மாணவன் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தான்.

"புதுசா பாக்குறியா தம்பி? கேக்க ஆளில்லாத பொணம்தான், அறுத்துப் படிக்கக் கல்லறையிலேர்ந்து தோண்டியெடுத்தது."

"நான் இருக்கேன் கேக்க," என்றான் ஆல்டன். "இவன் என்கூட தங்கியிருந்தவன்."

பேராசிரியர் தணிந்த குரலில், உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆல்டன் தன் கோட்டைக் கழற்றிச் சைலஸுக்குப் போர்த்தினான். ஜன்னலைத் திறந்து, வழிபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தன் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டான். கல்லூரிக்காரர்கள் பொடிசுகள் என்று கேலி செய்யும் முப்பது பேரும் படியேறி வந்தார்கள். பார்த்தார்கள். ஒரு கதவைக் கழற்றிப் பாடையாக்கிச் சைலஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை.

செய்தி அனுப்பியதும், மறுநாள் ஜெடிடையா எப்படியோ சேற்றில் வண்டியை ஓட்டி வந்து சேர்ந்தார். சவப்பெட்டியை ஏற்றியதும் ஆல்டனை ஓரமாக அழைத்தார்.

"எங்கயாச்சும் வெட்டிட்டாங்களாப்பா?"

இடது கை தோள்வரை கிழிக்கப்பட்டிருந்ததை ஆல்டன் பார்த்திருந்தான்.

"இல்லீங்க ஐயா. அதுக்குள்ள நான் போயிட்டேன்."

அவர் அவன் தோளில் கைவைத்தார். "அவங்கம்மாகிட்ட இதையே நீ வந்து சொல்லிரு," என்றார்.

ஆல்டன் வண்டியில் ஏறிக்கொண்டான். அந்தப் படிப்புப் பருவம் முடியும்வரை அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.