காலுறை போட்ட கை

என் வீட்டுக்காரர் தையற்காரர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு திரும்பிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. கத்தரிக்கோல் பிடித்த வலது கை மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். நல்ல கை சும்மா கிடந்தால்தான் மற்றதற்குப் புத்தி வருமாம். இடது கையில் தடித்த காலுறையை மாட்டிவிட்டு, மேசையில் விரித்த சட்டைக்கு வலது கையாலேயே பட்டன் போட வேண்டும். அது வந்துவிட்டால் அடுத்து கத்தரிக்கோல், பிறகு கடையைத் திறக்கலாம் என்றாள். இந்தச் சில மாதங்களை விட்டால் கை மறந்துவிடும் என்றும் சொன்னாள்.

காலையில் காலுறையை மாட்டி, சட்டையை விரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சமைத்தேன். எதையும் மறைக்கத் தெரியாத ஜென்மம் நான். பிறகு ஒரு மாலை மேல் பட்டன் மாட்டியிருந்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் முழுச் சட்டை. பார்த்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தேன். காலுறையின் வாய் மட்டும் நைந்துகொண்டே வந்தது. எலி வேலை என்று திட்டிக்கொண்டே தைத்து வைத்தேன். தையற்காரர் பெண்டாட்டிக்கு அவ்வளவுதான் மூளை.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. அந்தப் பெண் தன்னிடமிருந்த ஒரு சட்டையை அவர் முன்னே விரித்தாள். விரல்கள் பட்டனைத் தொட்டபடி அப்படியே கிடந்தன. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் அவர் இடது கையில் மாட்டியிருந்த காலுறையைப் பார்த்தேன். என் தையலுக்கு மேலே புதிதாகப் பல் தடம். பல்லால் கழற்றி, இடது கையால் பட்டன் போட்டுவிட்டு, மறுபடி பல்லாலேயே இழுத்து மாட்டியிருக்கிறார். அந்த மாதங்கள் போய்விட்டன, கத்தரிக்கோலைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரை ஏமாத்த இப்படிப் பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "கதவைத் திறந்ததும் நீ முதல்ல சட்டையைத்தான் பாப்ப. பட்டன் போடாத அன்னைக்கு உன் முகத்தைப் பாக்க முடியல."

நடு வழியில் நின்று அழுதேன்.

வீட்டில் சட்டை மேசை மேல் கிடந்தது, கழுத்துவரை பட்டன் போட்டபடி. மறுநாள் பயிற்சிக்காகத் தினமும் சந்தோஷமாக அவிழ்த்தவள்தான் நான். அன்றைக்கு அவிழ்க்கக் கை வரவில்லை.