திறப்பு விழாத் தண்ணீர்

எங்கள் ஆற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர். மற்ற நாளில் வெறும் மணல். கரையிலிருக்கும் பூங்காவைப் புதுப்பிக்கிறோம் என்று வந்தவர்கள், அந்த மணலில் சிமென்ட் தொட்டி கட்டி, இறங்கப் படிகள் வைத்து, நடுவில் ஒரு வாத்துப் படகையும் நிறுத்தினார்கள். ‘பொதுமக்கள் ஆற்றில் இறங்கி மகிழலாம்’ என்று போர்டு வேறு.

திறப்பு விழா அன்று, வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலை விட்டுவிட்டு, கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு வரவேண்டிய தண்ணீர் டேங்கருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தேடிப்போனால், டிரைவர் பாபு அந்தத் தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டிருக்கிறான்.

“இன்னா பாபு, இது எங்க டேங்கர்தானே?”

“மேல இருந்து சொல்லிட்டாங்க, ரெபேக்காக்கா. படகு மிதக்கணுமாம். உங்களுக்கு நாளைக்கு ஊத்தறேன்.”

“எங்க ஊட்ல குடிக்கவே தண்ணி இல்ல. இங்க வாத்துக்குக் குளியலா?”

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவுக்குப் போன் போட்டேன். லைனே குடத்தோடு வந்தது. நான் முதலில் இறங்கி, குழாய்க்கடியில் குடத்தை வைத்தேன். கான்ட்ராக்டர் ஓடி வந்தார்.

“மேடம், கெஸ்ட் வர்ற டைம். யாரும் கீழ இறங்கக் கூடாது.”

“இறங்கச் சொல்லி போர்டு வெச்சது யாரு?”

டேங்கர் காலியாகி, தொட்டியில் தேங்கியதும் மொண்டாகி, கடைசிக் குடமும் நிறைந்தபோது, திறந்துவைக்க வேண்டிய நகராட்சி அதிகாரியின் கார் வந்தது. மாலையும் கழுத்துமாக வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். படகு ஈர சிமென்ட்டில் சாய்ந்து கிடந்தது.

“தண்ணி எங்கம்மா?” என்றார்.

“இதே கேள்விய கேட்டுக்கினு தினமும் உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம், சார். இன்னிக்குத்தான் உங்களுக்கே கேக்கத் தோணிச்சா?”