பெருமாளின் குரல் முதலில் வந்தது

அந்த நாட்டில், வேலையுள்ள கணவனுக்கோ மனைவிக்கோ ஸ்பான்சர் செய்தால் முழு ஆளாக வந்து இறங்கலாம். வேலையில்லாதவர்கள் பகுதி பகுதியாகத்தான் வரவேண்டும். முதலில் குரலை அனுப்புவார்கள். குரலுக்குச் சாப்பாடு வேண்டாம், விமானத்தில் இருக்கை வேண்டாம். மற்றதெல்லாம் நிரந்தரக் குடியுரிமை முடிவான பிறகு.

செண்பகவல்லி அங்கே நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் ஸ்கூட்டி எடுக்கவே பயந்தவள். அவளுடைய கணவன் சிவனணைந்த பெருமாள் எம்.காம். படித்தவன். சேர்ந்த கம்பெனிகளெல்லாம் ஒவ்வொன்றாக மூடிப்போனதில் கொஞ்ச காலமாக வீட்டில் இருந்தான். நல்ல மனிதன். பேச்சுதான் கூடுதல்.

அவனுடைய குரல் ஒரு மழைநாளில் வந்து சேர்ந்தது. வருகைக் கூடத்தில் அவள் அண்ணாந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காதருகே, "ஏளா, மெலிஞ்சிட்டியே" என்றது. அவள் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இருவரும் ரயில் பிடித்து வீட்டுக்குப் போனார்கள். தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள்.

ஊரில் மிச்சமிருந்த பெருமாளை அவனுடைய அம்மா பார்த்துக்கொண்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், எதற்கும் எதிர்ப்பேச்சு இல்லை என்று போனில் சொன்னாள். "இருக்கட்டும்மா, மெதுவா அனுப்புதேன்" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

குரலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். முடிவு வரும்வரை எந்த வேலையும் செய்யக்கூடாது. செய்தால் விண்ணப்பம் ரத்தாகும், குரல் அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்பவேண்டும். ஆரம்பத்தில் செண்பகவல்லி அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது அது குளிர்பதனப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கும். பெட்டியும் அவ்வப்போது உறுமிப் பதில் சொல்லும். அதைக் கேட்கச் சகிக்காமல் கூடவே கூட்டிப்போகத் தொடங்கினாள். பேருந்தில் அவளுடைய வலது தோளுக்குச் சற்று மேலே, பயணிகள் ஏறும் பக்கமாக அது இருந்துகொண்டது.

சும்மா இருக்கத்தான் பார்த்தது. ஆனால் பனி கொட்டிய ஒரு காலையில், கையில் கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மாள் ஏறி, எலும்பு மருத்துவமனைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். செண்பகவல்லி வாய் திறப்பதற்குள், "தேவாலயம் தாண்டினதும் வரும். நான் சொல்லுதேன், நீங்க கம்பியப் பிடிச்சு உக்காருங்க" என்றது குரல், கோவில்பட்டி வாடை மாறாத ஆங்கிலத்தில். அதன்பிறகு அந்த வழித்தடத்தில் மற்ற பேருந்துகளை விட்டுவிட்டு அவளுடைய வண்டிக்காக ஆட்கள் காத்து நின்றார்கள்.

விரைவிலேயே குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. குரல் நடத்துனர் வேலை பார்ப்பதாகப் புகார்.

போகும் வழியெல்லாம் குரல் பேசவில்லை. செண்பகவல்லிதான் பேசினாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கச் சொன்னேன்லா?"

"வாய்தான் ஊர்ல இருக்கே" என்றது குரல், மெல்ல.

அதிகாரி நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. குரலுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

"சம்பளம் உண்டா?"

"இல்லை" என்றாள் செண்பகவல்லி.

"சீருடை?"

"போட உடம்பு இல்லையே, மேடம்" என்றாள்.

அதிகாரி தலையசைத்தார். "பிறருக்காகப் பேசினால் அது வேலை. மனைவிக்காகப் பேசினால் அது குடும்பம். சட்டத்தில் அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாளுக்கு நீங்கள் வழி சொன்னது யாருக்காக?"

கேள்வி நாற்காலியைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவன் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். குரல் மட்டுமாக இருப்பவர்களுக்கு ஒளித்துவைக்க இடம் கிடையாது.

"இவளுக்காகத்தான்" என்றது குரல். "யாராவது கேள்வி கேட்டா இவ கழுத்தைத் திருப்பிப் பதில் சொல்லணும். திருப்பும்போது வலிக்கி. முந்திக்கிட்டு நான் சொல்லிட்டா இவ திரும்ப வேண்டாம்லா."

செண்பகவல்லி அந்த வலியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குப் போன் போடும்போதுகூட நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். மருந்துக்கடையில் வாங்கிய களிம்பை வேறு டப்பாவில் மாற்றி, முகத்துக்குப் போடும் கிரீம்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.

அதிகாரி எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். "எந்தப் பக்கம்?" என்று குரலைக் கேட்டார்.

"இடது பக்கம், காதுக்குக் கீழே. மூச்சை உள்ள இழுப்பா. அதான் தெரியும்."

அதிகாரி அந்த இடத்தில் ஒரு விரலால் அழுத்தினார். செண்பகவல்லி மூச்சை உள்ளே இழுத்தாள். அதிகாரி தன் இருக்கைக்குப் போய் கோப்பில் முத்திரை குத்தினார். "மிச்சத்தை வரவழைத்துக்கொள்ளலாம்" என்றார்.

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"வந்த அன்னிக்கே."

"கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா இல்லைன்னு சொல்லுவ. அப்புறம் அதுக்கொரு சண்டை" என்றது குரல்.

மிச்சப் பெருமாள் வசந்தகாலத்தின் தொடக்கத்தில், அம்மா தேய்த்துக் கொடுத்த சட்டையில் வந்து இறங்கினான். கொஞ்சம் கறுத்திருந்தான். நீளமாக மீசை விட்டிருந்தான். குரல் செண்பகவல்லியின் தோளைவிட்டு அவனிடம் போயிற்று. வெகுநாள் பேசாதிருந்த வாய் முதலில் கூச்சப்பட்டது. பிறகு திறந்து இடம் கொடுத்தது. அவன் அவளுடைய இடது காதுக்குக் கீழே கைவைத்து அழுத்திவிட்டான். ஊர் வெயில் இன்னும் அந்தக் கையில் இருந்தது.

வெளியேறும் வாசலில் இருந்த ஊழியர் அவனை மேலும் கீழும் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, தூக்கம் மட்டும் வந்துசேரவில்லை என்றார். அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமாம், கோடைக்குள் கிடைத்துவிடும். அதுவரை ஸ்பான்சர் செய்தவரே இருவருக்கும் சேர்த்துத் தூங்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பகல் ஏறியிருந்தது. பெருமாளுக்குப் பயணக் களைப்பு கண்ணில் தெரிந்தது. செண்பகவல்லி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். படுத்து, முதலில் அவனுக்காகத் தூங்கினாள்.